ஜெர்மன் படிக்க முதல் பாடநூல் வாங்கும் முன்: பெங்களூரில் படிக்கும் நம் மாணவர்களுக்கு

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு தொடங்கியபோது ஜெர்மனை மொழிப்பாடமாக எடுத்தேன். எட்டு மாதத்துக்குள் மூன்று பாடநூல்கள் வாங்கிவிட்டேன். முதலாவது பழைய புத்தகக் கடையில் 150 ரூபாய்க்குக் கிடைத்தது. அதற்கு ஒலிப்பதிவே இல்லை. இரண்டாவது பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதியது. மூன்றாவது ஜெர்மனியிலிருந்து வரவழைத்த பதிப்பு, 2,900 ரூபாய். பயிற்சி நூலைத் தனியாக வாங்கவேண்டும் என்பது பார்சலைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படித்த எனக்கு அது சின்னத் தொகை இல்லை.

மூன்று முறையும் செய்த தவறு ஒன்றே: முதல் பாடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்கினேன். எந்த ஜெர்மன் பாடநூலிலும் முதல் பாடம் அழகாகத்தான் இருக்கும். வணக்கம், என் பெயர் இது, நீங்கள் எந்த ஊர், நாலு வண்ணப் படம். நூலின் தரம் தெரிவது ஐந்தாம், ஆறாம் பாடத்தில். அங்கே உட்கார்ந்து எதைப் பார்ப்பது என்று யாராவது அன்றைக்கு எனக்குச் சொல்லியிருந்தால் எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உச்சரிப்பை மட்டும் ஒலிப்பதிவில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள்

கல்லூரித் தாளில் தேறினால் போதும் என்றால், துறை சொல்லும் நூலைத்தான் வாங்கவேண்டும். பெயரை வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொள்ளாதீர்கள். ஆசிரியர் கையில் இருக்கும் பிரதியின் அட்டை, அதன் பின்பக்கம், உள்ளே உரிமை விவரம் அச்சிட்ட பக்கம் மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பாடங்களின் வரிசையே மாறியிருக்கும்.

ஏ1 சான்றிதழ் தேர்வு எழுதுவதற்கு என்றால் அடுத்த படிக்குப் போங்கள். (மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு அளவுகளாகப் பிரிப்பார்கள். ஏ1 தொடக்கம்.)

ஜெர்மனியில் மேற்படிப்பு என்பது திட்டமானால் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். ஜெர்மன் வழியில் நடக்கும் பட்டப் படிப்புக்குப் பெரும்பாலும் சி1 அளவு கேட்பார்கள். ஏ1 அதற்கு வாசற்படி மட்டும். ஆகவே பி1 வரையாவது ஒரே வரிசையில் நூல்கள் உள்ளதா என்று பாருங்கள். நடுவில் வரிசை மாறினால், ஒரு நூல் ஏற்கெனவே சொன்னதாக விட்டுவிட்ட இலக்கணத்தை இன்னொன்று இனிமேல்தான் சொல்லும். நீங்கள் இடையில் தொங்குவீர்கள்.

2. இரண்டு தாள்களை அச்செடுங்கள்

கடைக்குப் போகும் முன், ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கெத்தே இன்ஸ்டிட்யூட்டின் இணையதளத்திலிருந்து இரண்டை இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம். ஒன்று ஏ1 சொற்பட்டியல். சுமார் 650 சொற்கள் இருக்கும். இன்னொன்று ஸ்டார்ட் டாய்ச் 1 என்கிற ஏ1 தேர்வின் மாதிரித் தாள், ஒலிப்பதிவோடு சேர்த்து.

தேர்வின் அமைப்பு தெரிந்தால்தான் நூலை எடைபோட முடியும். கேட்டல் சுமார் 20 நிமிடம், படித்தல் 25, எழுதுதல் 20, பேசுதல் சுமார் 15. நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. எழுதும் பகுதியில் ஒரு படிவத்தை நிரப்பவேண்டும்; பிறகு சுமார் 30 சொற்களில் ஒரு சிறு கடிதம். பேசும் பகுதி குழுவாக நடக்கும்: உங்களை அறிமுகம் செய்யவேண்டும், கேள்வி கேட்டுப் பதில் சொல்லவேண்டும், ஒரு வேண்டுகோள் வைக்கவேண்டும், பிறர் வேண்டுகோளுக்குப் பதில் தரவேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு ஃபிட் இன் டாய்ச் என்று தனித் தேர்வு. அதற்காக எழுதிய நூல்களும் அட்டையில் ஏ1 என்றே போட்டிருக்கும். நான் வாங்கிய இரண்டாவது நூல் அந்த ரகம். வகுப்பறை, செல்லப் பிராணி, பிறந்தநாள் விழா என்றே போகும். வீட்டு வாடகை, ரயில் அறிவிப்பு, டாக்டரிடம் நேரம் வாங்குவது எல்லாம் அரைகுறையாக வரும். கல்லூரி மாணவருக்கு அது பொருந்தாது.

3. எங்கே உட்கார்ந்து பார்ப்பது

இந்திராநகர் சி.எம்.எச். ரோட்டில், மாக்ஸ் முல்லர் பவன் என்று எல்லோரும் சொல்லும் கெத்தே இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. ஊதா வழித்தட மெட்ரோவில் இந்திராநகர் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். அங்குள்ள நூலகத்தில் பாடநூல்களை நிதானமாகப் பார்க்கலாம். கிளம்பும் முன் நூலக நேரத்தை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

அங்கிருந்து எம்.ஜி. ரோடு மூன்றாவது நிலையம். இறங்கினால் சர்ச் ஸ்ட்ரீட். பிளாசம், புக்வார்ம் என்ற புத்தகக் கடைகள் இரண்டிலும் பழைய நூல்களும் புது நூல்களும் உண்டு. மெஜஸ்டிக் பக்கம் வருகிறவர்களுக்குக் காந்திநகர் சப்னா அருகில். அவென்யூ ரோட்டு நடைபாதைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அங்கே நின்றுகொண்டு 40 நிமிடம் புரட்ட முடியாது. எனவே முதலில் நூலகத்தில் முடிவெடுங்கள், பிறகு மலிவாகத் தேடுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: அச்செடுத்த இரண்டு தாள்கள், ஒரு நோட்டு, பென்சில், காதில் மாட்ட இயர்போன்.

4. உரிமைப் பக்கத்தையும் கடைசிப் பக்கங்களையும் முதலில் பாருங்கள்

இதற்கு ஐந்து நிமிடம் போதும், பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான் தடுக்கப்படும்.

நூல் முழு ஏ1-ஆ, அல்லது இரண்டு பாதிகளாக வெளியிட்டதில் ஒரு பாதியா? பாதி என்றால் ஏ1.1, ஏ1.2 என்று போட்டிருக்கும். பாதியின் விலையை முழு நூலின் விலையோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

கூர்ஸ்பூஹ் என்றால் வகுப்பில் பயன்படுத்தும் பாடநூல். ஆர்பைட்ஸ்பூஹ் என்றால் பயிற்சி நூல். சில வரிசைகளில் இரண்டும் ஒரே கட்டாக வரும், சிலவற்றில் தனித்தனி. அட்டையில் இந்த இரண்டு சொற்களையும் தேடுங்கள். பயிற்சி நூல் இல்லாமல் பாடநூலை மட்டும் வைத்துத் தனியாகப் படிக்க முடியாது.

விடைகள் எங்கே? லோசுங்கென் என்ற தலைப்பில் நூலின் கடைசியில் இருக்கும், அல்லது பதிப்பகத்தின் தளத்தில் இருக்கும், அல்லது ஆசிரியர் கையேட்டில் மட்டும் இருக்கும். மூன்றாவது வகை என்றால், வகுப்புக்குப் போகிறவர் மட்டும் வாங்கலாம்.

ஒலிப்பதிவு எப்படிக் கிடைக்கிறது? பதிப்பகத் தளத்தில் எல்லோருக்கும் திறந்திருந்தால் நல்லது. ஒருமுறை மட்டும் செல்லும் குறியீடு அட்டைக்குள் ஒட்டியிருந்தால், பழைய பிரதி வாங்காதீர்கள். முந்தைய ஆள் அதைச் சுரண்டியிருப்பார்.

நூல் எவ்வளவு பழையது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விலைகள் ஜெர்மனியின் பழைய நாணயமான மார்க்கில் இருக்கிறதா, யூரோவிலா? யூரோ நாணயமும் நோட்டும் 2002 ஜனவரியில் புழக்கத்துக்கு வந்தன. இன்னொன்று, ஆங்கிலத்தில் 'தட்' என்று இணைக்கும் சொல்லுக்கு ஜெர்மனில் டாஸ். 1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அதன் இறுதியில் இரண்டு எஸ் போடுகிறார்கள். அதற்கு முன்பு எஸ்ட்செட் என்ற, பார்வைக்கு பி போல இருக்கும் எழுத்து இருந்தது. நான் 150 ரூபாய்க்கு வாங்கிய நூலில் மார்க்கும் இருந்தது, பழைய எழுத்தும் இருந்தது. அதைப் பார்த்து எழுதிய பயிற்சித் தாளில் அந்தச் சொல் முழுக்கச் சிவப்பு மையில் திரும்பி வந்தது.

5. நடுப்பாடத்தில் 40 நிமிடம் உட்காருங்கள்

இதுதான் முக்கியமான படி. நூலின் பொருளடக்கத்தில் அக்குசாட்டிவ் என்ற வேற்றுமை முதன்முதலாக வரும் பாடத்தைத் தேடுங்கள். அதை எடுத்து, முந்தைய பாடங்கள் தெரியாவிட்டாலும், முழுவதும் படியுங்கள். பென்சிலால் நோட்டில் பயிற்சிகளைச் செய்யுங்கள். தமிழ் பேசுகிறவருக்கு இந்தப் பாடத்தில் தனியான வசதியும் தனியான சிக்கலும் இருக்கிறது. ஆங்கிலத்தை வைத்து விளக்கும் நூல்கள் இந்த இரண்டையும் கண்டுகொள்வதில்லை.

அக்குசாட்டிவ் நம் இரண்டாம் வேற்றுமை. நமக்குக் கருத்து புதிதில்லை. ஆனால் 'காபி குடிக்கிறேன்' என்று ஐ இல்லாமலே பேசிப் பழகியிருக்கிறோம். அஃறிணைப் பொருளில் உருபை விட்டுவிடுவது நம் பழக்கம். ஜெர்மனில் அந்த வசதி கிடையாது: 'இஷ் ட்ரிங்கெ ஐனென் காஃபே'. காபி அங்கே ஆண்பால். ஆண்பாலில் மட்டும் ஐன் ('ஒரு') என்பது ஐனென் ஆகிறது, டெர் (ஆங்கிலத்தின் 'தி' போன்றது) என்பது டென் ஆகிறது. பெண்பாலும் அலிப்பாலும் (இரண்டிலும் சேராத மூன்றாவது பால்) அப்படியே நிற்கும். இந்த ஒரு விஷயத்தை நூல் கண்ணில் படும்படி காட்டுகிறதா? அடுத்தடுத்து பத்துப் பயிற்சியாவது தருகிறதா? இரண்டு வரி அட்டவணை போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால் அந்த நூல் வேண்டாம்.

பால் விஷயத்தில் நாம் மிகவும் தடுமாறுவோம். தமிழில் பால் என்பது பொருளைப் பொறுத்தது. மேசை 'அது', அவ்வளவுதான். ஜெர்மனில் மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமியைக் குறிக்கும் மேட்ஷென் அலிப்பால். காரணம் தேடிப் பயனில்லை, சொல்லோடு சேர்த்து மனப்பாடம் செய்யவேண்டும். ஆகவே நூலின் சொற்பட்டியலில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் பாலைக் காட்டும் டெர், டீ, டாஸ் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பன்மையும் பக்கத்தில் இருக்கவேண்டும். பூஹ் என்ற புத்தகம் பன்மையில் பியூஷெர் ஆவதை ஊகிக்க முடியாது. பட்டியலில் வெறும் சொல் மட்டும் இருந்தால் நூலை அலமாரியில் திருப்பி வையுங்கள். மூன்று பாலுக்கும் மூன்று வண்ணம் தரும் நூல் கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்து டாட்டிவ் வரும் பாடம். இது நம் நான்காம் வேற்றுமை, அதாவது 'கு'. இங்கே நமக்கு ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரைவிட நேர்வழி இருக்கிறது. 'மியர் இஸ்ட் கால்ட்' என்றால் 'எனக்குக் குளிருது'. 'மியர் ஷ்மெக்ட் டெர் காஃபே' என்றால் காபி எனக்கு ருசிக்கிறது. ஆங்கிலத்தில் 'நான்' என்று தொடங்கும் இடத்தில் ஜெர்மனும் தமிழும் 'எனக்கு' என்கின்றன. வகுப்பில் எல்லோரும் இதில் திணறியபோது எனக்கு முதன்முதலாக ஜெர்மன் வீட்டு மொழி போலத் தெரிந்தது. இத்தகைய வாக்கியங்களை நூல் நிறையத் தருகிறதா, அல்லது கடிகாரம் மேசை'மேல்' இருக்கிறது என்ற இடச் சொற்களோடு டாட்டிவை முடித்துவிடுகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, வினைச்சொல்லின் இடம். ஜெர்மன் வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். 'இன்று' என்று தொடங்கினாலும் வினை இரண்டாவதாக வந்தே தீரும்: 'ஹாய்ட்டெ ட்ரிங்கெ இஷ் காஃபே'. நாம் ஆங்கிலம் வழியாக யோசித்து 'ஹாய்ட்டெ இஷ் ட்ரிங்கெ' என்று எழுதுவோம். எழுதும் தேர்வில் இது அடிக்கடி நடக்கும் தவறு. நேரம், இடம் முதலில் வரும்படி வாக்கியத்தைத் திருப்பி எழுதும் பயிற்சிகள் நூலில் வேண்டும். அதே சமயம் 'இஷ் மொஷ்ட்டெ ஐனென் காஃபே ட்ரிங்கென்', அதாவது காபி குடிக்க விரும்புகிறேன் என்பதில் 'குடிக்க' கடைசியில் போய் நிற்கிறது. நமக்கு அது தானாக வரும்.

கடைசியாக ஒரு சிறு சோதனை. மூன்றாம் பாடத்தின் பட்டியலிலிருந்து பத்துச் சொற்களைக் குறித்துக்கொண்டு, ஆறாம் ஏழாம் பாடங்களில் அவை மறுபடி வருகின்றனவா என்று தேடுங்கள். ஐந்து சொற்களாவது திரும்ப வந்தால் நூல் நன்றாகத் திட்டமிட்டது. பிறகு உங்களிடம் உள்ள 650 சொல் பட்டியலில் எங்கேயாவது இருபதைத் தொட்டு, நூலின் பின்னிணைப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

6. காதால் சோதியுங்கள்

நூலகத்தில் இருந்தபடியே பதிப்பகத் தளத்தில் ஒரு பாடத்தின் ஒலிப்பதிவைக் கேளுங்கள்.

குறில் நெடில் நமக்குப் பிறவியிலேயே வரும். ஷ்டட் என்றால் நகரம், ஷ்டாட் என்றால் அரசு. தமிழ்க் காதுக்கு இது சிரமமே இல்லை. சிரமம் வேறு இடத்தில். தோட்டத்துக்குக் கார்ட்டென், அட்டைகளுக்கும் கார்ட்டென். முன்னதில் 'கங்கை'யின் முதல் ஒலி, பின்னதில் 'கண்'ணின் முதல் ஒலி. சொல்வதை எழுதும் பயிற்சியில் நாம் இவற்றை மாற்றி எழுதிவிடுவோம். இத்தகைய ஜோடிச் சொற்களைக் கேட்டுப் பிரித்தறியும் பயிற்சி நூலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்களும் அப்படித்தான். 34 என்பதை 'நாலும் முப்பதும்' என்ற வரிசையில் சொல்வார்கள். தொலைபேசி எண், ரயில் நேரம், விலை ஆகியவை கேட்டல் தேர்வில் வரும். அறிவிப்புகள் வரும் இரண்டாம் பகுதியை ஒரே ஒரு முறைதான் ஒலிக்கவிடுவார்கள். மெதுவாக, தெளிவாக, ஒரே குரலில் பேசும் பதிவுகள் மட்டும் உள்ள நூல் தேர்வன்று கைவிட்டுவிடும். பின்னணி இரைச்சலோடு நாலைந்து குரல்கள் வேண்டும்.

7. உங்கள் பெயரை வைத்து ஒரு சோதனை

இதைச் சொல்ல ஆளில்லாமல் நான் சங்கடப்பட்டேன். படிவம் நிரப்பும் பயிற்சிகளில் ஃபோர்நாமெ என்றால் சொந்தப் பெயர், ஃபமீலியென்நாமெ என்றால் குடும்பப் பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். தேர்வுக்குப் பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைத் தரவேண்டும். கல்லூரி அட்டையில் தலைப்பெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்றிருந்தால், பாஸ்போர்ட்டையே பின்பற்றுங்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் அதை முதலில் முடியுங்கள். தேர்வு நாளன்று அசல் அடையாள ஆவணம் கையில் இருக்கவேண்டும்.

பேசும் பகுதியில் ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்வார்கள். நம் பெயர்கள் நீளம். ஜெர்மனில் வி என்ற எழுத்துக்கு ஃபௌ, ஜே என்பதற்கு யொட், ஒய் என்பதற்கு உப்சிலோன். எழுத்துக்கூட்டும் பயிற்சி நூலில் ஓரிடத்தோடு நின்றுவிடாமல் திரும்பத் திரும்ப வருகிறதா என்று கவனியுங்கள்.

8. செலவும் நாட்களும்

ஹூபர், க்ளெட், கார்னெல்சன் போன்ற ஜெர்மன் பதிப்பகங்களின் நூல்கள் பலவற்றுக்கு டில்லி கோயல் நிறுவனம் இந்தியப் பதிப்பு வெளியிடுகிறது. உள்ளடக்கம் அதே, விலை இறக்குமதிப் பிரதியைவிடப் பல மடங்கு குறைவு. நான் கடைசியாக வாங்கியது அப்படி ஒன்று; பாடநூல், பயிற்சி நூல் இரண்டும் சேர்த்து 850 ரூபாய். கடையில் கேட்கும்போது 'இந்தியப் பதிப்பு இருக்கா' என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் அலமாரியில் இருப்பதைத்தான் எடுத்துத் தருவார்கள்.

இலக்கணத்துக்கு ஆங்கிலத்தில் விளக்கும் சிறிய நூல் ஒன்றும் தேவைப்படும். பாடநூல்கள் பெரும்பாலும் முழுக்க ஜெர்மனிலேயே இருக்கும். இதைப் பழைய பிரதியாக வாங்கலாம்; இலக்கணம் காலாவதியாவதில்லை, எழுத்து மாற்றத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நகலெடுத்து விற்கும் பிரதிகளைத் தவிருங்கள். கறுப்பு வெள்ளையில் மூன்று பாலின் வண்ணமும் ஒரே சாம்பலாகிவிடும். நூலை எழுதியவருக்கும் ஒன்றும் சேராது.

பயிற்சி வகுப்பில் சேர்கிறவர்கள் நூலின் விலை கட்டணத்தில் அடங்குமா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு வகுப்பில் எங்களுக்கு முதல் நாள் அடங்கும் என்றார்கள், இரண்டாம் வாரம் தனியாக வசூலித்தார்கள்.

வகுப்பு தொடங்க மூன்று வாரம் முன்பே நூலகத்துக்குப் போய்விடுங்கள். கடையில் இல்லாத நூலை வரவழைக்க ஒரு வாரம் பத்து நாள் பிடிக்கும். தேர்வு எழுத உத்தேசித்திருந்தால், தேதிகளையும் கட்டணத்தையும் நூல் வாங்கும் நாளிலேயே கெத்தே தளத்தில் பாருங்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், செமஸ்டர் தேர்வுத் தேதியோடு மோதாத நாளைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

9. வாங்கிய முதல் வாரம்

பில்லை அட்டைக்குள் வையுங்கள். ஒரு வாரம் பேனாவால் எதுவும் எழுதாதீர்கள், பெயர்கூட. முதல் நாளே எல்லாப் பக்கங்களையும் எண்ணிப் பாருங்கள். என் தோழியின் பிரதியில் பதினாறு பக்கம் இரட்டித்து, வேறு பதினாறு பக்கம் இல்லாமலே இருந்தது, நாலாவது மாதம்தான் கண்டாள். ஒலிப்பதிவுகள் அத்தனையையும் ஒரே நாளில் போனில் இறக்கி வையுங்கள். பிறகு மாதிரித் தேர்வின் கேட்டல் பகுதியை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒன்றும் புரியாது, பரவாயில்லை. கிடைத்த மதிப்பெண்ணையும் தேதியையும் நூலின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். ஆறாம் பாடம் முடிந்ததும் அதே பகுதியை மறுபடி போட்டு, அதன் கீழே இரண்டாவது எண்ணை எழுதுங்கள்.